ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பிரித்து அனுப்புவார். அவர் கத்தல் கேட்டதும் என் குடல் எனக்கு முன்னால் ஓடும். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக் கக்கூசுக்குப் பறப்பேன். திரும்புவதற்குள் என் பேர் போயிருக்கும். "இன்னொரு நாள் பிந்துனா வேலை கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சருக்கு என் முகத்தைக் கண்டாலே கை வெள்ளை மாத்திரைப் போத்தலுக்குப் போகும். "ஒறப்பக் கொறைங்க." மிளகாய்ச் சம்பலை விட்டேன், பிளேன்டீயை விட்டேன். தேயிலைக்குள் பிறந்து சுடுதண்ணீர் குடித்த ஒரே மடையன் நான்தான். புற்றுநோய் என்று நானே முடிவுகட்டி, என் சாவுக்குத் தப்படிக்க ஆள்கூட மனதுக்குள் பேசி வைத்துவிட்டேன்.

மனைவிதான் பிடித்தாள். "ஞாயித்துக்கெழம ஆட்டுக்குடல் தின்னுட்டுக் கொறட்ட விடுறீங்க. திங்கக்கெழம கஞ்சி குடிச்சுட்டு ஓடுறீங்க. வயிறு கெழம பாத்தா வலிக்கும்?"

நுவரெலியா ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்த டாக்டர் அம்மா, "காலையில எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார். இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. பயந்தால் குடல் கலங்கும், குடல் கலங்கினால் பயம் கூடும் என்று விளக்கி, மனநல கிளினிக்குக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்.

லயத்துச் சுவர் எந்த ரகசியத்தைத் தாங்கும்? மறுநாளே டிஸ்பென்சர், "வயித்துக்குப் போன ஆளுக்குப் பைத்திய மருந்தாமே!" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் மட்டுமா? என் மேலும்தான். இதே மாதிரி ஓடிய, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு "ஹட்டன் எக்ஸ்பிரஸ்" என்று பட்டம் வைத்துப் பெரட்டையே சிரிக்க வைத்தவன் நான். மலையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது, அதற்குப் பயந்து அவர் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை என்று தெரிந்தே சிரித்தவன்.

அடுத்த பெரட்டிலும் குடல் கிளம்பியது.

"என்னய்யா, மறுபடியும் வயிறா?" என்றார் கண்டாக்கு.

"வயிறு மட்டும் இல்லங்க. பயம். நீங்க கத்துறதால வர்ற பயம். டாக்டர் துண்டு இந்தா இருக்கு. போய்ட்டு வாறேன், பேரு போட்டு வைங்க."

அடுத்த பகிடி விட்டுவிட்டேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். கண்டாக்கும் சிரித்தார். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. துண்டைக் கண்டாக்கு கையில் திணித்துவிட்டு, முதல் தடவையாக ஓடாமல் நடந்தேன்.

திரும்பியபோது அக்கா மட்டும் கூடையோடு நின்றார்.

"பேரு போட்டாராக்கா?"

"போட வச்சேன். எனக்கு வச்ச பட்டத்த மொதல்ல எடுடா."