படகுக்கு வைத்த பொட்டு

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, தகடு ஒட்டும் சின்னசாமி மாமா, எட்டு வயதில் நான். இன்று மைசூரு வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டி ஒழுகும் இடத்தில் பிளம்பர் சாக்பீஸால் பொட்டு வைத்ததும் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது.

பூங்கா ஏரியில் ஆளேற்றி ஓடிய அலுமினியப் படகை, கபினி நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க அப்பா வாங்கி வந்திருந்தார். இருக்கைகளைக் கழற்றி வலைக்கு இடம் செய்தாயிற்று. ஓட்டையைக் கண்டுபிடிக்கப் படகைக் கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே சொட்டும் இடத்தில் பொட்டு வைப்பது என் வேலை.

"ஒரு பொட்டுக்குத் தகடு ஒட்டப் பத்து ரூபா" என்று அப்பாவிடம் கூலி பேசினார் மாமா.

மூன்று இடத்தில்தான் சொட்டியது. ஆனால் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. காய்ந்த இடத்திலும் வைத்து எட்டாக்கிவிட்டேன்.

"ஏங்கண்ணு, இத்தன பொட்டு? படகுக்குக் கல்யாணமா?" என்று மாமா சிரித்தார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒட்டிருங்க மச்சான். பாப்பா நிம்மதியாத் தூங்கட்டும்."

அவரிடம் முப்பது ரூபாய்தான் இருந்தது. மிச்சத்தை மாமா கேட்கவே இல்லை. பிளம்பருக்குக் கூலி கொடுக்கும்போது நினைத்துக்கொண்டேன், மாமாவுக்கு இன்னும் ஐம்பது ரூபாய் பாக்கி.