கனகவல்லியம்மாவின் மணிலா வாத்துகள்

கனகவல்லியம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. சொல்கிறவர்கள் மேல் அல்ல. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி, அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பதினாறு வீடுகள், ஒரு லிப்ட், மாதத்தில் பாதி நாள் மட்டும் ஓடும் ஒரு மோட்டார். என் பெயர் எட்மண்ட். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு ஆள் சிக்காததால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலு கிரவுண்டு இடத்தில் ஓர் ஓட்டு வீடும் வேப்பமரமும் இருக்கின்றன. அதுதான் கனகவல்லியம்மாவின் வீடு. எங்கள் கட்டடம் நிற்கும் இடமும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலம்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. எங்கள் ஆட்கள்தான் அவர் பக்கம் குப்பையை வீசுவார்கள்.

அவருடைய கணவர் கேசவன் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு ஜோடி மணிலா வாத்து வாங்கி வந்தாராம். கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு வயலில் இறங்குமே, அந்த நாட்டு வாத்து இல்லை இது. கனத்த உடம்பு, கறுப்பும் வெள்ளையுமாக இறகு, முகம் பூராவும் சிவப்புப் பரு. பார்க்கச் சகிக்கவில்லை என்பாள் என் மனைவி ஞானசௌந்தரி. ஆனால் கத்தாது. ஆண் வாத்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் பறந்துபோய் வேப்பமரக் கிளையிலும் ஓட்டின் மேலும் உட்கார்ந்து தூங்கிவிடும்.

அந்த ஜோடி இருபத்திரண்டாகப் பெருகியிருந்தது. காலையில் கனகவல்லியம்மா நொய்யும் தவிடும் பிசைந்து வைப்பார். காய்கறி வண்டிக்காரர் ஒதுக்குகிற கீரைத் தண்டை வாங்கிப் பொடியாக நறுக்கிப் போடுவார். இந்த வாத்து அடையில் உட்கார்ந்தால் குஞ்சு பொரிக்க முப்பத்தைந்து நாள் ஆகும். கோழியைப் போல இருபத்தொரு நாளில் காரியம் முடியாது. ஒரே சமயத்தில் நாலு வாத்து, நாலு வேறு வேறு நாளில் அடையில் உட்கார்ந்திருக்கும். கனகவல்லியம்மா எதையும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. "வெள்ள மூக்கு வியாழக்கிழமை பொரிச்சிடும் சார்" என்பார். வியாழக்கிழமை சுவரை எட்டிப் பார்த்தால் மஞ்சள் குஞ்சுகள் நடக்கும். நானோ பிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று யோசிக்கிற ஆள்.

அவருக்கு ஒரே மகன், எழில். நாவலூரில் கம்பெனி வேலை, அங்கேயே எட்டாவது மாடியில் சொந்த வீடு. கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரிப்பான். ஒரு பில்டரும் அவனை விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். கனகவல்லியம்மா மசியவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்திருந்த நேரத்தில், வாத்துக்குஞ்சு ஒன்று சாக்கடையில் விழுந்துவிட்டதென்று ஓடியிருக்கிறார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடு முழுக்க கேஸ் நாற்றம். சரியாக அந்த நேரம் பார்த்து எழில் உள்ளே நுழைந்தான். அன்றைக்கு அம்மாவிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான். இன்னொரு முறை இப்படி எதையாவது மறந்தால், மறுபேச்சு இல்லாமல் நாவலூருக்கு வந்துவிட வேண்டும், இந்த இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இதை அவரே என்னிடம் சொன்னார். "அங்க காலைல கதவ தொறந்தா எதுர் வூட்டு கதவுதான் சார் கீது. நான் இன்னா பண்ணுவேன் அங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அடுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கே வருவார். அந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது இன்னும் ஒரே ஒரு மறதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். வாத்துகள் எங்கள் மொட்டை மாடிக்கும் பறந்து வர ஆரம்பித்தன. காயப்போட்ட துணியில் எச்சம், தண்ணீர்த் தொட்டி மூடி மேல் எச்சம். மூன்றாவது மாடி தீபா, மாநகராட்சியில் புகார் கொடுக்கப் போவதாகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். புகார் என்று ஒன்று போனால் எழில் காதுக்கும் போகும். நான் பெரிய மத்தியஸ்தனாக முன்னால் வந்தேன். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு யோசனையும் சொன்னேன். ஒரு பக்கச் சிறகின் இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் நிலை தவறிப் பறக்க முடியாது, வலிக்கவும் வலிக்காது, நமக்கு நகம் வெட்டுகிற மாதிரிதான். ராத்திரிக்கு ஒரு கூண்டில் அடைத்துவிட்டால் நாயும் அண்டாது, மாடியும் சுத்தம்.

அவருக்கு மனமில்லை. "மேல ஏறி தூங்குற ஜாதி சார் இது. கீழ படுக்க வெச்சா அதுக்கு பயம்" என்றார். ஆனாலும் புகாருக்குப் பயந்து ஒத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு வாத்தாகப் பிடித்து மடியில் வைத்து இறுக்கிக்கொள்ள, அவர் வலது சிறகை விரித்து இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார். ஒரு ஆண் வாத்து என் முன்கையை நகத்தால் கீறிவிட்டது. மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, அதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டார். வெல்டிங் கடையில் சொல்லிக் கூண்டு வந்தது. இடுப்பு உயரம், சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம், வெளிப்பக்கம் ஒரு கொக்கி. தீபா எனக்கு நன்றி சொன்னார். நான் பூரித்துப் போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் முதல் வாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் தெருவில் தண்ணீர் வந்தது. ஏரி நிரம்பிவிட்டது, இன்னும் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எழில் போனில் கெஞ்சினான், அம்மாவை எப்படியாவது மேலே கூட்டிப் போய்விடுங்கள் அங்கிள் என்று. நானும் வாட்ச்மேனும் போனோம். பறக்க முடியாத வாத்துகளைத் தெருநாய் பிடித்துவிடும் என்று காலையிலிருந்தே கூண்டில் அடைத்து வைத்திருந்தார். நாங்கள் அவசரப்படுத்தியதில் வீட்டுப் பத்திரம், இரண்டு புடவை, மாத்திரைப் பை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்போது தண்ணீர் கணுக்கால் வரைதான்.

எங்கள் வீட்டில் ஞானசௌந்தரி டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"கூண்டு கொக்கி போட்டு கீது சார். தண்ணி ஏறிகினே கீது. தொறந்து வுட்டாதான் அதுங்க மெதந்துனா பொழைக்கும். நான் போயிட்டு வந்துடறேன்."

நான் விடவில்லை. நீங்கள் உட்காருங்கள், நான் போய்த் திறந்துவிட்டு வருகிறேன் என்றேன். வீரம்தான், வேறென்ன. சாயந்திரம் நாலரை மணி இருக்கும். படியிறங்கித் தெருவுக்கு வந்தால் தண்ணீர் தொடை வரை இருந்தது. அவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூண்டு உள்ளே, வேப்பமரத்தடியில், முப்பது அடி தூரம். தண்ணீர் பழுப்பாகச் சுழன்று ஓடியது. மேற்பரப்பில் நீளமாக ஏதோ ஒன்று நெளிந்து போனது. பாம்போ கயிறோ, இன்றுவரை தெரியாது. என் கால் நகரவில்லை. கூண்டுக்குள் அவை கம்பியை முட்டுகிற சத்தம் கேட்டது. வாத்துதானே, வாத்து தண்ணீரில் மூழ்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

"தொறந்துட்டேன்மா" என்றேன்.

"நல்லா இருப்பீங்க சார்" என்று ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

அன்று இரவு தண்ணீர் ஆளுயரம் வந்தது. மறுநாளும் வடியவில்லை. கனகவல்லியம்மா எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தார், ஞானசௌந்தரியோடு சேர்ந்து வெங்காயம் உரித்தார். இந்நேரம் எங்கே ஒதுங்கியிருக்குமோ, ரயில்வே மேடு பக்கம் தேடினால் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். போன வாரத்துச் செய்தித்தாள்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வடிந்தது. எழில் பெருங்களத்தூரிலிருந்து சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தான். மூன்று பேருமாகப் போனோம். தகரத்துக்கு மேலே வேப்பமரத்தில் தண்ணீர்க் கோடு தெரிந்தது. வாத்தும் மூழ்கும். மேலே தகரமும் சுற்றிலும் கம்பி வலையும் இருந்தால் எதுவும் மூழ்கும். இருபத்திரண்டும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக, சேறு பூசிக் கிடந்தன. கொக்கி போட்டது போட்டபடி இருந்தது.

எழில் கூண்டைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். "என்னம்மா இது, கொக்கி அப்படியே இருக்கு? தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் திறந்து விட மறந்துட்டியா?"

கனகவல்லியம்மா கொக்கியைப் பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காத்திருந்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும், எழில், தப்பு என்னுடையது என்று. சங்கச் செயலாளர், ரிட்டயர்டு ஹெட் கிளார்க், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், தண்ணீருக்குப் பயந்து பொய் சொன்னார் என்று ஊர் பேசுமே என்று நினைத்தேன். குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தேன்.

"ஆமாம்பா. மறந்துட்டேன்" என்றார் அவர்.

எழில் திட்டவில்லை. தோளைத் தொட்டு, போதும்மா, வா போகலாம் என்று மட்டும் சொன்னான். கொடுத்த வாக்கு இருக்கிறதே, அவர் கிளம்ப ஒத்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இரண்டு நாள் என் வீட்டில் சாப்பிட்டதாலா, மகன் முன்னால் ஒருவனை அவமானப்படுத்தக் கூடாது என்பதாலா, இல்லை, நானே சொல்லாத பிறகு அவர் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்பதாலா. மூன்றில் எதுவாக இருந்தாலும் எனக்கு வெட்கக்கேடுதான்.

நாலு நாள் கழித்து கார் வந்தது. வேப்பமரத்தடியில் புதைத்த இடத்தில் மண்ணைக் காலால் அமுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். எழில் பைகளை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தபோது, நான் நின்ற இடத்துக்கு வந்தார்.

"நீங்க போனப்போ தண்ணி எவ்ளோ சார் இருந்துச்சு?"

"தொடை வரைக்கும்மா."

அவர் தலையாட்டினார். "என்ன வுட்ருந்தா நானே போயிருப்பேன் சார்."

ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், காரில் ஏறினார்.

மூன்று மாதம் ஆகிறது. பில்டரின் ஆட்கள் இடத்தை அளந்துவிட்டார்கள். அடுத்த மாதம் கையெழுத்தாம். தெருவில் எல்லோரும் அவருக்கு மறதி வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள், எழில் டாக்டரிடம் கூட்டிப் போகிறானாம், ஏதோ மாத்திரை கொடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன். ஆண்டவருக்கு அது முன்னமே தெரியும். தெரிய வேண்டியது எழிலுக்குத்தான். அவன் நம்பர் என் போனில் இருக்கிறது. இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் கூப்பிடவில்லை.