ஆடிக்குத் தள்ளிய வீடுகள்

எங்கள் பட்டுக்கடையில் பதினெட்டு வருடமாகப் போன் பேசுகிறவர் அம்சாக்கா. கடையில் எல்லோர் குரலும் எனக்கு வரும். முதலாளி தினகரன் மூக்கால் இழுப்பதை அவர் எதிரிலேயே பேசிக் காட்டி ஏச்சு வாங்கியிருக்கிறேன். அம்சாக்கா குரல் மட்டும் பிடிபடாது. வீட்டுக்கு வீடு அது மாறும்.

கல்யாணச் சேலைக்கு ஆர்டர் கொடுத்தவர்களை, கல்யாணம் எந்த மாதமோ அந்த மாதத்தின் கீழ் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மாதம் பிறந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த மாதம் காலியாகவே கிடக்கும். சாவு விழுந்து கல்யாணம் நின்றுபோன வீடுகளை யாருக்கும் சொல்லாமல் அங்கே தள்ளிவிடுவார். அவர் லீவு போட்ட நாளில் வேறு யாராவது கூப்பிட்டு, "சேலை ரெடிம்மா" என்று சொல்லிவிடக் கூடாதே.

தென்னேரி கைலாசம் வீடும் அப்படித்தான் ஆடிக்குப் போனது. மகள் துர்காதேவி கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டெங்குவில் இறந்தாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட அவள் கூரைச்சேலை கடை அலமாரியின் கீழ்த்தட்டிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு மாதம் ஒருமுறை அவள் அம்மா மஹாலட்சுமியை அம்சாக்கா கூப்பிடுவார். சேலைப் பேச்சே இருக்காது.

"சாப்ட்டியாம்மா? முட்டி வலி எப்டி இருக்குது?"

"உன்கிட்டதாங்க்கா அவ பேரச் சொல்லி அழ முடியுது. இவரு எழுந்து வெளிய போயிடுறாரு."

இந்த ஆனியில் முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கினார். மாற்றிக் கொடுக்கச் சென்னையிலிருந்து லோகேஷ் வந்தான். குரல் முழுக்க ஏசி காற்று.

"இனிமே நீங்க யாருக்கும் போன் பண்ண வேணாம் ஆன்ட்டி. மாசம் பொறந்தா உங்க நம்பர்ல இருந்து மெசேஜ் தானாப் போயிடும். சில் பண்ணுங்க."

"பழசுல இருந்த பேரெல்லாம்?"

"ஒரு ரெக்கார்டு கூட விடல ஆன்ட்டி."

அம்சாக்கா முகம் கறுத்தது. "ஆடியில கொஞ்சம் பேரு இருக்காங்கப்பா..." என்று ஆரம்பித்தார்.

"ஆடியில யாரு கல்யாணம் வெச்சிக்கினு இருக்காங்க?" என்று முதலாளி திரும்பினார். "கம்ப்யூட்டர்ல தப்புத் தப்பா ஏத்தி வெச்சிருக்கியா அம்சாம்மா?"

லோகேஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். அம்சாக்கா, "ஒண்ணும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு நூல் கண்டை எடுத்துச் சேலைகளுக்கு விலைச்சீட்டுக் கட்டப் போனார். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, லோகேஷைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். அவன் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான்.

ஆடி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு முப்பத்தொரு வீடுகளுக்கு மெசேஜ் போனது. 'ஆடித் தள்ளுபடி! உங்கள் கல்யாணச் சேலை தயார். மணமகளுக்கு வாழ்த்துகள்!' மேலே அம்சாக்காவின் பெயரும், சிரித்த முகப் போட்டோவும்.

முதல் திட்டு வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே தென்னேரிக்குப் போட்டார். எடுக்கவில்லை.

மத்தியானம் கைலாசமே வந்தார். செருப்பை வாசலில் விட்டு, பாயில் உட்காராமல் நின்றார்.

"மாசாமாசம் நீ பேசுவேன்னு அவ போனயே பாத்துக்கினு இருப்பா அம்சாம்மா. இன்னிக்கு உன் போட்டோ வந்ததும் ஓடிப்போயி எடுத்தா. படிக்கத் தெரியாது இல்ல, என்னத்தான் படிக்கச் சொன்னா. நீயா அனுப்ன?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து, "அது மெஷினுங்க, தானாப் போயிடுச்சு..." என்று வந்தார்.

"இல்லண்ணா," என்றார் அம்சாக்கா. "அந்த மாசத்துல உங்க பேரப் போட்டது நான்தான். மாத்தும்போது வாயத் தொறந்து சொல்லாம இருந்ததும் நான்தான்."

கைலாசம் தலையாட்டினார். "சரி. இனிமே கூப்டாதம்மா. உன் போட்டோவப் பாத்தாலே அவளுக்கு ஒடம்பு ஒதறுது."

மீதி முப்பது வீடுகளுக்கும் அம்சாக்கா ஒவ்வொன்றாகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் ஆனது. சிலர் ஏசினார்கள், சிலர் அழுதார்கள்.

ஆவணி பிறந்ததும் மெசேஜ்கள் தானாகப் போயின. ஒரு குறையும் இல்லை என்றார் முதலாளி. அம்சாக்கா போனை எடுத்து, தென்னேரி நம்பர் வரை போய், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.