பூதத்தின் வலது கண்

நாற்பத்தொன்பது வயதுக்குள் இசோகாய் மோதொஹாரு நானூறு தடவைக்கு மேல் செத்திருந்தார். வாரா வாரம் ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் சாவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் முகம் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பூதத்துக்குள்ளே ஒரு மனிதன் வியர்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பார்க்கிற வயதா அது?

சோஷி என்ற கடலோர ஊரில் மீன் கடைக்காரர் மகனாகப் பிறந்து, சினிமாவில் வசனம் பேசப்போவதாகச் சொல்லிக்கொண்டு டோக்கியோவுக்கு வந்தவர். வசனம் கிடைக்கவில்லை, ரப்பர் உடைதான் கிடைத்தது. முதல் நாள் அதற்குள் மயங்கி விழுந்தார். விழுந்த விதம் நன்றாக இருந்தது என்று மறுநாளும் வரச் சொன்னார்கள். அந்த மறுநாள் இருபத்தொரு வருஷமாக நீண்டுவிட்டது. தேள், நண்டு, தபால் பெட்டி, ஒரு தடவை பல் பிடுங்கும் நாற்காலி என்று எல்லாமாகவும் ஆனார். கல்குவாரியில் ஆளுக்கொரு நிறத்தில் உடையணிந்த ஐந்து வீரர்களிடம் அடி வாங்கிச் செத்த பூதம், அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்குள் மலை போல வளர்ந்து எழுந்து, அட்டைக் கட்டடங்களை மிதித்து, ராட்சத ரோபோவின் வாளுக்கு இரண்டாவது முறையாகச் சாகும். ஒரே சம்பளத்துக்கு இரண்டு சாவு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பூதத்தின் கண்கள் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தாலும், அவற்றால் எதையும் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர் பார்ப்பது தொண்டையில் உள்ள இரண்டு ஓட்டைகள் வழியாக. சோயா மொச்சை ஒன்றைச் செருகினால் அடைபடும் ஓட்டைகள். அதனால் வெடிக் காட்சிக்கு முன்னால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வெடி மாஸ்டர் உகாய் மண்ணில் மருந்தைப் புதைத்து, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைப்பார். உடை மாட்டியவர்கள் தங்கள் இடத்தில் நின்று, கற்களைப் பார்த்துவிட்டு, வலது கையைத் தூக்க வேண்டும். ‘தயார்’ என்பதல்ல அதன் அர்த்தம். ‘என் கண்ணுக்குக் கல் தெரிகிறது’ என்று அர்த்தம். எல்லாக் கையும் மேலே போகாமல் உகாய் பொத்தானில் விரல் வைக்கமாட்டார். டைரக்டர் குதித்தாலும் சரி, சூரியன் விழுந்தாலும் சரி.

அந்த வருஷம் குளிர்காலத்திலிருந்து இசோகாயின் வலது கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வெயிலும் அடியும் ஆகாது என்றார். வெயிலும் அடியும் தவிர அவர் தொழிலில் வேறென்ன இருக்கிறது? மனைவி சுமியேயிடம் மட்டும் சொன்னார். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கை அவளுடையது. பேச்சும் அப்படித்தான், கொதிக்கக் கொதிக்க விழும்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா வீட்ல உக்கார வெச்சிருவாங்க சுமியே."

"உக்காந்தா என்ன, குடி முழுகிடுமா?"

"அந்த ஓட்டையில ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கே ஒண்ணும் தெரியாது. ஒரு கண்ணு போதும்."

சொன்னபோது அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது. காலடியை எண்ணப் பழகிக்கொண்டார். வலப்பக்கக் கல் எத்தனையாவது அடியில் வரும் என்று உடை மாட்டுவதற்கு முன்பே நடந்து பார்த்து மனப்பாடம் செய்தார். பிறகு உள்ளே போய், தெரியாத கல்லுக்குக் கை தூக்கினார். பொய் என்று வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பாருங்கள். கைதான் சொன்னது.

அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவள் தாச்சிகாவா நட்சுயே. முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ்காரி, முப்பத்தோரு வயது, இளஞ்சிவப்பு வீராங்கனையின் உடைக்குள் இருப்பவள். இவர்கள் எடுத்த சண்டைகளை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கி, தலைக்கவசம் கழற்றும் இடத்திலெல்லாம் அங்கத்திய பிள்ளைகளின் முகத்தை ஒட்டவைத்து ஒளிபரப்பியது. அங்கிருந்து வந்த கேசட்டைப் பார்த்துவிட்டு நட்சுயே வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அண்ணே, அங்க நான் பொன்னிற முடிக்காரி! பாஷை புரியல, ஆனா நல்லா வாயாடறேன்."

"நான் எப்படி இருக்கேன்?"

"உங்களுக்கென்ன, எந்த ஊருக்குப் போனாலும் அதே மூஞ்சி. நானே வெளிநாடு போய் அழகாயிட்டேன், நீங்க தேறவே இல்ல."

அமெரிக்காவில் வீரர்களைவிடப் பூதங்களைத்தான் பிள்ளைகள் அதிகம் கொண்டாடினார்களாம். வாங்கிய சண்டைகள் தீர்ந்துபோக, ஜப்பானில் காட்டவே போகாத சண்டைகளைத் தங்களுக்கென்று தனியாக எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். பழைய உடைகளை ஒட்டுப்போட்டு, சைதாமாவின் கல்குவாரியில் மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியது. இசோகாய்க்கு எண்ணிப் பார்க்காத அளவுக்கு வேலை. கண்ணைப் பற்றி வாய் திறக்காமலிருக்க அதுவும் ஒரு காரணம் ஆயிற்று.

விபத்து நடந்தது இரண்டாவது வாரம். தபால் பெட்டிப் பூதத்துக்குள்ளிருந்து இசோகாய் கை தூக்கினார், நட்சுயே கை தூக்கினாள், உகாய் பொத்தானைத் தொட்டார். பூதம் பின்வாங்க வேண்டியது ஒன்பது அடி. சரளைக் கல்லில் கால் வழுக்கி ஏழாவது அடி எட்டாவதாயிற்று, கணக்கு தவறியது. வலப்பக்கத்துக் குழியின் மேலேயே போய் நின்றுகொண்டிருந்தார், அவருக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் உருண்டு போயிருக்க வேண்டிய நட்சுயே பாதை மாறிப் பாய்ந்து வந்து தோளால் அவரை இடித்துத் தள்ளினாள். வெடி அவள் காலுக்குக் கீழே கிளம்பியது.

கெண்டைக்கால் சதை கருகிப்போயிற்று. காட்சி மட்டும் அபாரமாக வந்திருந்தது. டைரக்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் சொன்ன பாதையை விட்டு ஓடியது யார்? நட்சுயேதானே. சண்டைக் குழு முழுக்க நிற்க, அவள் கட்டுப்போட்ட காலோடு தலை இடுப்பு மட்டத்துக்கு வரக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பூதம் கை தூக்கியிருந்தது, அதற்கு எல்லாம் தெரிந்திருக்கும், அவள்தான் அவசரப்பட்டாள் என்று முடிவாயிற்று. வரிசையில் நின்ற இசோகாய்க்கு வாய் வரவில்லை. கோழை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், அன்றைக்கு அவர் கோழைதான்.

வெளியே வந்ததும் அவளே அவரைத் தேற்றினாள்.

"விடுங்கண்ணே. மூச்சு ஆவி ஏறி ஓட்டை மறைஞ்சிருக்கும். எனக்கும் எத்தனையோ தடவை அப்படி ஆயிருக்கு."

அவர் தலையாட்டினார். வீட்டில் சுமியேயிடம் சொன்னபோது அவள் மேசையில் வைத்த மீன் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு கால் வெந்து கெடக்கு. நீங்க நல்ல பேர் வாங்கிட்டு வந்து சோறு தின்ன உக்காந்துட்டீங்க. எறங்குதா அது?"

இறங்கவில்லை. மூன்று மாதம் இறங்கவில்லை. நட்சுயே வீட்டு வாசல் வரை இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு தடவையும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆகஸ்டில் நட்சுயே திரும்பி வந்தாள். அதே குவாரி, அதே தபால் பெட்டிப் பூதம். அமெரிக்கக் கம்பெனியிலிருந்து இருவர் வந்து குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். பிற்பகல் மூன்றரை, வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒரே தடவைதான் எடுக்க முடியும், அவ்வளவு மருந்து.

இசோகாய் உடைக்குள் நின்றார். இடப்பக்க ஓட்டையில் நட்சுயே தெரிந்தாள். புண் பட்ட காலில் பாரம் போடாமல் நின்றாள். நின்றபடியே கையைத் தூக்கினாள். வலப்பக்க ஓட்டையில் சாம்பல் நிறப் புகை போல ஒன்று, வேறெதுவும் இல்லை. ஒன்பது அடியும் அவருக்கு மனப்பாடம். தூக்க வேண்டியது ஒரு கை.

தூக்கவில்லை.

"பூதம், கை!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் டைரக்டர். "வெளிச்சம் போகுது!"

கை தொங்கியபடியே இருந்தது. உகாய் பொத்தான் பெட்டியைப் பூட்டிவிட்டு, கற்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்து வந்து, பூதத்தின் தொண்டை ஓட்டையில் வாயை வைத்தார்.

"என்னய்யா, ஆவி ஏறிடுச்சா?"

"இல்ல மாஸ்டர். வலது கண்ணு தெரியல."

"எப்பலேர்ந்து?"

"குளிர்காலத்துலேர்ந்து." மூச்சு வாங்கியது. "மே மாசமும் தெரியல. தெரியாமதான் கை தூக்கினேன். நட்சுயே மேல தப்பு இல்ல."

உகாய் நிமிர்ந்தார். திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நட்சுயே தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நொண்டியபடி வந்தாள். பூதத்தின் முதுகுப் பக்கம் போய், கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, உடையைப் பிளந்தாள். இசோகாய் வெளியே வந்தார், நனைந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. தலை இடுப்பு மட்டத்துக்கு வரக் குனிந்தார். நிமிரவில்லை.

"நான் குனிஞ்சப்ப பக்கத்துலதான நின்னீங்க," என்றாள் நட்சுயே.

"ஆமா."

"கால் போனது கூடப் பரவால்லண்ணே. பத்து வருஷமா உங்க கை மேல போனா நான் கண்ணை மூடிட்டுப் பாஞ்சிருக்கேன். இனிமே யார் கையை நம்பறது, சொல்லுங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் தோய் என்ற மாற்று ஆள் அந்த ஈர உடைக்குள்ளேயே இறங்கினான். இசோகாயை, வெடி இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். தோய் தன் இடத்துக்குப் போய், கற்களைப் பார்த்து, பூதத்தின் வலது கையை உயரத் தூக்கினான். இனி நட்சுயேயின் கைதான் பாக்கி. உகாய் காத்திருந்தார்.

நட்சுயே தூக்கவில்லை. தன் இடத்தை விட்டு நடந்து பூதத்தின் முன்னால் போய் நின்றாள். தொண்டையின் வலப்பக்க ஓட்டைக்கு நேரே விரல்களை நீட்டி, "எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு," என்றான் தோய்.

இடப்பக்கத்துக்கும் நீட்டிக் கேட்டாள். அப்புறம்தான் திரும்பிப் போய்க் கையைத் தூக்கினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இசோகாய் இருக்கிற ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.