கதவைத் திறந்துவிடுகிறவர்

என் தங்கை மேல் எப்போதும் பித்தளைத் தூள் இருக்கும். தலைமுடியில், கைரேகையில், செருப்பின் வாரில், எங்கே தட்டினாலும் மஞ்சளாகக் கொஞ்சம் உதிரும். பேருந்து நிலையத்துக்கு எதிரே நாங்கள் இருவரும் ஒரு கடை வைத்திருக்கிறோம். நான் பூட்டுகளைப் பழுது பார்ப்பேன், அவள் சாவி வெட்டுவாள். ஒரு நாற்காலியைப் போட்டால் ஒருத்தி வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மெஷினை ஓட்டிக்கொண்டே வாடிக்கையாளரை வம்புக்கு இழுப்பாள். "மூணாவது தடவையா தொலைக்கிறீங்க சார், பேசாம கதவையே கழட்டி வச்சிருங்க" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே அவளிடம்தான் திரும்ப வருவார்கள். ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனதிலிருந்து தனி வீடு எடுத்து மூன்றாவது மாடியில் இருந்தாள். முப்பத்தைந்து வயதில், யாரிடமும் கேட்காமல், கைபேசியில் துணை தேடும் ஆப் ஒன்றில் தன் படத்தைப் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே முறைத்தேன், அக்கா என்று ஒருத்தி இருக்க வேண்டாமா?

வந்து வாய்த்ததுகளைச் சொல்லி மாளாது. ஒருவன் பேசும் நேரமெல்லாம் மேசைக்கு அடியில் போனைத் தடவினான். இன்னொருவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனவன் போனவன்தான். "என்னையும் சேத்துக் கை கழுவிட்டான்க்கா" என்று அவள் சிரித்தாள். அன்று நாள் முழுக்க மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு வந்தவருக்குக் கனவான் என்று பெயர் வைத்தது நான்தான். மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை. இவள் உட்காரும்வரை உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் போடுவார். தெருவில் வண்டிகள் போகும் பக்கம் தான் நடந்து, இவளை உள்பக்கம் நடக்கவிடுவார். பையைத் தூக்கவிட மாட்டார். வீட்டு வாசல்வரை வந்து, சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி, கதவைத் திறந்து, இரண்டு கையாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையை லேசாகச் சாய்த்துவிட்டுப் போவார். ஒரே ஒரு இரவு கொத்தை மறந்து எடுத்துப்போய், மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஊருக்கே சாவி வெட்டுறவ நான், எனக்கே கதவத் திறந்துவிடுறாருக்கா!" என்று முகம் சிவந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்தார். என் வீட்டுக்காரர் மயங்கிப்போனார். எட்டாவது படிக்கும் என் மகளைக்கூட "நீங்க" என்றுதான் அழைத்தார். மகள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். எனக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து ஓரமாக நின்றார். ஒரு லாரி டிரைவர் தேய்ந்த சாவியைத் தங்கை கையில் கொடுக்கப் போனார். கனவான் நடுவில் புகுந்து, புன்னகையோடு, "மேசை மேல வைங்க. அவங்க எடுத்துக்குவாங்க" என்றார். குரல் உயரவே இல்லை. டிரைவர் சாவியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மறுவாரம் கடையில் ஒரு தட்டு இருந்தது. எல்லோரும் அதில்தான் சாவியைப் போட வேண்டும் என்று அவர் வாங்கித் தந்தது. அதற்கப்புறம் தங்கை யாரையும் வம்புக்கு இழுப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது, பிச்சைத் தட்டு மாதிரி?"

"மரியாதைக்குத்தான்க்கா" என்றாள். அவளுக்கே அது ஒட்டவில்லை என்று தெரிந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொன்னார். அவள் பேச ஆரம்பித்தால் சர்வரிடம் அவரே பேசி முடித்தார். ஒருநாள் வாசலில் அவர் கையை நீட்டியபோது, "நானே திறந்துக்கிறேனே" என்றிருக்கிறாள். அவர் கையை மடக்கவில்லை. சாவி கைக்கு வரும்வரை புன்னகையோடு நின்றார். அன்று இரவே, கொஞ்ச நாள் சந்திக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாள். உங்கள் விருப்பம்தான் முக்கியம் என்றாராம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

உடனே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் வீட்டிலேயே கிடந்தாள். சரியானதும் கடைக்கு வந்து, மெஷினைத் துடைத்தபடி சிரித்தாள்.

"கடைப்பக்கமே வரல, தலைக்கு வேற குளிச்சாச்சு. அப்பவும் பாரேன், காலையில எங்க வீட்டுப் பூட்டு வாயில நம்ம தூள். தொடச்சுட்டு வரேன்."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். "எங்க இருந்துச்சு? கைப்பிடியிலயா?"

"இல்ல, சாவி போடுற துளைக்குக் கீழ..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

புதிதாக வெட்டிய சாவியை அரம் போட்டுத் தேய்க்காமல் கொடுத்தால், பூட்டுக்குள் போய்வரும்போது அது தூளைக் கொட்டும். அவள் சாவியோ பத்து வருஷப் பழசு, வழவழவென்று தேய்ந்தது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், இதென்ன மஞ்சளாக என்று கேட்டிருப்பாள். இவளுக்குத் தூள் என்றால் தன் கையிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான்.

"காய்ச்சல்ல முழிச்சப்ப பக்கத்துல தண்ணி இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "டம்ளர மூடி வச்சிருந்துச்சு. நான்தான் வச்சிருப்பேன்னு..."

நான் எழுந்துவிட்டேன். "போலீசுக்குப் போலாம் வா."

"என்னன்னு சொல்றது? ஒருத்தர் எனக்குத் தண்ணி வச்சாருன்னா?"

கடையைச் சாத்திவிட்டு, அலமாரியிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். நல்ல வெளிச்சமான பிற்பகல். கீழே யாரோ மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கதவை உள்ளே பூட்டி மூச்சு விட்டிருப்போம். படியில் காலடி கேட்டது. வாசலில் நின்றது. துளைக்குள் ஒரு சாவி நுழைந்து, திரும்பாமல் நின்றது. மெதுவாக வெளியே போய், மறுபடி நுழைந்தது. பிறகு கதவு பதமாகத் தட்டப்பட்டது.

"நான்தாங்க. உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "உங்ககிட்ட ஏது சாவி?"

"காய்ச்சலோட நீங்க எழுந்து வந்து திறக்கணுமேன்னுதான்."

"கதவுக்கு அடியில தள்ளுங்க" என்றாள். குரல் உடைந்தது, ஆனாலும் சொன்னாள். "இனிமே இங்க வரக்கூடாது."

"உங்க விருப்பங்க" என்றார்.

சாவி தரையோடு உரசி உள்ளே வந்தது. மஞ்சள் நிறம், அரம் படாத விளிம்பு. நான் குனிவதற்குள் இன்னொன்றும் வந்தது. அதன் பற்களின் வரிசை எனக்கு மனப்பாடம். அது என் வீட்டுச் சாவி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கையின் கொத்தில் நான் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து வெட்டியது.

"உங்க அக்காவும் உள்ளதான் இருக்காங்கன்னு நினைக்கிறேன்" என்றார் கதவுக்கு அந்தப் பக்கம். "வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க."

காலடிகள் நிதானமாகப் படியிறங்கின. கீழே கார் கிளம்பியது. நான் உடனே வீட்டுக்கு போன் போட்டேன். பள்ளி விட்டு வந்திருந்த மகள் எடுத்தாள்.

"தாழ்ப்பாளப் போடு. சித்தி கூட்டிட்டு வந்தாளே, அவரு வந்து தட்டினா திறக்காத. புரியுதா?"

"அவரு தட்ட மாட்டாரும்மா" என்றாள் என் மகள். "என்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு எப்பவும் அவரே திறந்துக்குவாரு."