முதல் துண்டுப் பிள்ளை

எல்லப்பனுக்குக் கடல் வாய்க்கவில்லை. பதினெட்டு வயதில், கரையேற்றும்போது கட்டுமரம் புரண்டு இடது தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை தலைக்கு மேலே போகவில்லை. வலை இழுக்க முடியாதவனுக்குப் பழவேற்காட்டுக் கரையில் என்ன வேலை இருக்கும்? கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். கோட்டையின் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு போகும் தீவுக்காட்டில் மரம் எண்ணிக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எல்லப்பன் போனார். மீனிடம் தோற்றவன் மரத்திடம் போய்விட்டான் என்று குப்பத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிற்பாடு ஒரு கழிக்காக அவரிடம் கைகட்டி நின்றார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அந்தக் காடு புலி உலவும் காடு அல்ல. ஏரிச் சேற்றில் நிற்கும் அலையாத்தியும் கண்டலும்தான். ஆனால் காளவாய்க்கு விறகு அங்கிருந்துதான் வந்தது. வலைக்குச் சாயம் காய்ச்சப் பட்டையும், குடிசைக்குக் கழியும் அங்கிருந்துதான். இறால் குஞ்சு வளர்வதும் அந்த வேர்களுக்கு நடுவேதான். இப்படி எல்லாருக்கும் வேண்டிய ஒன்றை எல்லாரும் எப்படி வைத்துக்கொள்வார்கள்? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டை வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றி முழுக்க உரித்தார்கள். மரம் நின்றபடியே செத்தது.

எல்லப்பனும் முதலில் தப்பே செய்தார். அலையாத்தியை அடிமரத்தில் வெட்டினால் மிஞ்சும் கட்டையிலிருந்து மறுபடியும் தளிர் வருவதைப் பார்த்துவிட்டு, கால் ஊன்றி நிற்கும் கண்டலையும் அதே மாதிரி வெட்ட விட்டார். கண்டல் தளிர்க்கவே இல்லை. ஒரு பரப்பு முழுக்க வெறும் சேறாகிப் போனது. சாகிற வரைக்கும் தோணி அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தத் தப்புக்குப் பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களுக்குக் குப்பத்தார் சண்டை போடுவதில்லை. அவர்களுக்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இந்த இடம், நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வராத இடத்தில் யாரும் வலை விடமாட்டார்கள். தண்ணீருக்கு இருக்கிற முறை மரத்துக்கு ஏன் இருக்கக் கூடாது? அலையாத்திக் காட்டைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்தார். வருஷத்துக்கு ஒரு துண்டுதான் வெட்டு. மற்ற பதினொன்றும் ஓய்வு. வெட்டுகிற துண்டிலும் இருபது அடிக்கு ஒரு தாய்மரத்தை விதைக்காக விட்டுவிட வேண்டும். மழைத்தண்ணீர் தங்காதபடி கட்டையைச் சரிவாக வெட்ட வேண்டும். பட்டையை ஒரு பக்கம் மட்டும், ஒரு கை அகலத்துக்கு உரிக்கலாம். கோட்டைக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார், குப்பத்தின் பெரியதனக்காரர் தசரதனும் ஒப்புக்கொண்டார். எல்லப்பன் கையில் ஒரு கயிறு இருக்கும், சாணுக்கு ஒரு முடிச்சு. அதை வைத்து மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளப்பார். அந்தக் கயிற்றுக்குக் குப்பமே பயந்தது.

முதல் துண்டு வெட்டிய தை மாதத்தில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். செல்வம்மாள் என்று பெயர். குப்பத்துப் பெண்கள் அவளை முதல் துண்டுப் பிள்ளை என்றார்கள். அடுத்த வருஷம் பிறந்ததை இரண்டாம் துண்டுப் பிள்ளை என்றார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தக் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டால், எத்தனையாம் துண்டு என்று சொல்லிவிடுவார்கள்.

செல்வம்மாள் நடக்கத் தொடங்கியதும் அப்பாவோடு தோணியில் ஏறிக்கொண்டாள். முதல் துண்டில் தளிர்கள் அவள் முழங்கால் அளவுக்கு இருந்தன. அடுத்த மழைக்குள் அவளைத் தாண்டிவிட்டன. அவளுக்கு அது பொறுக்கவில்லை. "நைனா, என்னை அள" என்று கயிற்றின் பக்கத்தில் விறைப்பாக நிற்பாள். கடைசியாக அளந்தபோது ஐந்தாவது முடிச்சுக்கு இரண்டு விரல்கடை குறைவு. பொங்கலுக்குள் ஐந்தைத் தொட்டுவிடுவேன் என்று அம்மா கஸ்தூரியிடம் பந்தயம் கட்டினாள். ஐந்தாம் துண்டு வருஷத்து ஐப்பசியில் குப்பத்தில் வாந்திபேதி வந்தது. ஒரே பகலில் போய்விட்டாள்.

பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. கஸ்தூரி வாசலைக்கூடக் குனிந்துதான் பெருக்கினாள், தெருவில் விளையாடும் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லப்பன் தினமும் காட்டுக்குப் போனார், வந்தார். மரத்தின் விஷயத்தில் முன்னைவிடக் கண்டிப்பானார்.

எட்டாம் துண்டு வருஷத்துப் புயலில் குப்பத்து ஜெயம்மாவின் புருஷன் கடலிலேயே போய்விட்டான். கரையில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டார் அந்த மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவர்களுடைய பாடு வரும் இடத்தில் மற்றவர்கள் வலை விட்டு, மீனை அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஜெயம்மா வீட்டு வாசலிலும் மீன் வந்தது. ஆனால் குடிசை விழுந்து கிடந்தது. எட்டுக் கழி கொடு என்று எல்லப்பனிடம் வந்தாள். வெட்டு முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் ஓய்வில் இருக்கிற துண்டு, கொடுக்க முடியாது என்றார். கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அவள் வாசலில் எட்டுக் கழி கிடந்தது. தன் வீட்டின் பின்பக்கக் கூரையைப் பிரித்து உருவிக் கொண்டுவந்து போட்டிருந்தார். அந்த மழைக்காலம் முழுக்கக் கஸ்தூரி நனைந்துகொண்டே சமைத்தாள்.

இப்படிப்பட்ட மனுஷன்தான், பன்னிரண்டு வருஷம் சுற்றி வந்து முதல் துண்டின் முறை வந்தபோது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து பொய் சொன்னார். முதல் துண்டு இன்னும் முற்றவில்லை, இந்த வருஷம் இரண்டாம் துண்டை வெட்டலாம் என்றார்.

தினமும் அந்தப் பக்கமாகத் தோணி விடுகிறவர்கள் அவர்கள். முதல் துண்டில் கழிகள் தொடைப் பருமனுக்கு நிற்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் துண்டை வெட்டினால் அது ஒரு வருஷம் முன்னதாக விழும், அதற்கு அடுத்ததும் அப்படியே, முறையே குலைந்துபோகும். இதை அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். காவல்காரனே முறையைத் தாண்டினால் நாளைக்கு எவன் நிற்பான்? எல்லாருக்கும் காரணமும் தெரியும். தசரதன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் கூட்டத்தில் பேசும் வழக்கமில்லை. ஜெயம்மா வீட்டில் ஆண் இல்லாததால் அவளுக்கு ஓரமாக ஓர் இடம் இருந்தது. அவள் எழுந்தாள். அன்றைக்கு எட்டுக் கழி தர மறுத்ததற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தரப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்ணன் பொய் சொல்றாரு. அது இருக்கட்டும்," என்றாள். "என் வூட்ல சாவு வுழுந்தப்போ என் பாட்டுல நீங்க வலை வுட்டு, மீனை வாசல்ல வெச்சீங்க. இவரு கொழந்தை செத்தப்போ இவரு வாசல்ல நாம இன்னா வெச்சோம்? ஏரியில இவருக்குப் பாடே கெடையாது. அதனால மறந்துட்டோம்."

தசரதன் மணலிலிருந்து பார்வையை எடுத்தார். "மொதல் துண்டு இந்த வருஷம் எல்லப்பன் வூட்டுப் பாடு. சாவு வூட்டுக்காரங்க தண்ணியில எறங்கக் கூடாது. நாங்க வெட்டிக் கொண்டாறோம்."

எல்லப்பன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கொடுக்க மனமில்லாமல் அதைக் கையில் சுற்றினார், பிறகு அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். கடைசியில் தசரதன் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வெட்டு நடந்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஏரித் தண்ணீர் சத்தத்தை நன்றாகக் கடத்தும். கோடாரி விழுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் தோள் ஒடுங்கியது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கஸ்தூரி மகளைப் பற்றிப் பேசினாள்.

"நீ தெனம் போய் அவளைப் பாத்துட்டு வந்தே," என்றாள். "எனக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல."

எல்லப்பன் அதுவரை அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மரத்துக்கு மரம் கவனித்தவர், பக்கத்தில் இருந்தவளைக் கவனிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். கோடாரிச் சத்தம் நிற்கும் வரைக்கும் அழுதார்கள். அதற்குப் பிறகு அவள், பிள்ளை கட்டிய பந்தயத்தைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

சாயங்காலம் தோணிகள் வந்தன. ஊரே சேர்ந்து விறகையும் கழியையும் அவர் வாசலில் அடுக்கியது. தசரதன் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தார். காளவாய்க்குச் சேர வேண்டியதை மறுநாள் எல்லப்பனே தோணியில் ஏற்றி அனுப்பினார், அதில் ஒரு குச்சிகூடக் குறையவில்லை. தம் பங்கிலிருந்து எட்டுக் கழியை எடுத்துப் பின்பக்கக் கூரையைச் சரிசெய்தார். அந்த மாதம் முடிந்ததும் காட்டுக்குப் போய்க் கட்டைகளைப் பார்த்தார். எல்லாம் சரிவாகத்தான் வெட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கட்டை மட்டும் தட்டையாக இருந்தது. எவன் வெட்டியது இது என்று திட்டிக்கொண்டே அதைச் சீவிச் சரிசெய்தார். மனுஷன் பழையபடி ஆகிவிட்டார் என்று குப்பத்துக்கு நிம்மதி.

சித்திரையில் அவர் புறப்பட்டபோது கஸ்தூரி தானாகவே தோணியில் ஏறி உட்கார்ந்தாள். கட்டைகளில் தளிர் வந்திருந்தது. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெயில் ஏறும் வரைக்கும் சேற்றில் நடந்தாள்.

ஆடி மாதம் ஜெயம்மாவுக்குப் பேத்தி பிறந்தாள். பார்க்க வந்த பெண்கள் தலைமுடியைப் பற்றிப் பேசினார்கள், மூக்கைப் பற்றிப் பேசினார்கள். எத்தனையாம் துண்டு என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. கஸ்தூரி உள்ளே வந்ததும் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

வாசற்படியில் நின்ற எல்லப்பன், "மொதல் துண்டுப் புள்ள," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து உள்ளே நீட்டினார். கஸ்தூரி அதைக் குழந்தையின் பக்கத்தில் தலையிலிருந்து கால் வரைக்கும் பிடித்துப் பார்த்தாள். இரண்டு முடிச்சு இருந்தது.

"ரெண்டு கீது," என்றாள். கயிற்றில் விரலை நகர்த்திக்கொண்டே போய் ஐந்தாவது முடிச்சில் நிறுத்தினாள். "இதைத் தாண்டட்டும்."