முட்டை விசுக்கோத்து

எங்கள் ஊர் சரவணையில் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் தலையாட்டிய காணியில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டியவன் நான். தெற்கே ஒரு பட்டினத்தில் எச்சில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். அந்தக் கடை எரிந்தது. வவுனியாவில் இன்னொன்று போட்டேன். அதையும் விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தது. திரும்பி வந்து ஊர்காவற்றுறையில் சைக்கிளில் ஐஸ்கட்டி விற்றேன். இன்றைக்கு எழுவைதீவு மீன்கூட என்னுடைய ஐஸில் படுத்துக்கொண்டுதான் யாழ்ப்பாணம் போகிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல ஏலாது. எங்கள் வாலிபர் சங்கத்து வாசிகசாலைக்கு ஓடு போட்டதும், பின்வளவில் விசுக்கோத்துச் சுடப் போறணை கட்டிக் கொடுத்ததும் நான்தான். அவற்றுக்குக் கல்வெட்டு இருக்கிறபடியால் அவற்றைப்பற்றி நான் பேசத் தேவையில்லை.

கல்வெட்டு இல்லாத ஒரு விஷயத்தைத்தான் எழுத வந்தேன். சங்கத்தின் மலரில், வருடாவருடம் நடக்கிற விசுக்கோத்து விற்பனையின் வரலாற்றை ஒரு பக்கம் போடுகிறார்களாம். இப்போது கனடாவில் இருக்கும் அந்தக் காலத்துத் தலைவர் எழுதி அனுப்பியதைப் பிள்ளைகள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அழகான தமிழ். முதல் வருடம் குறிகட்டுவான் துறையில் என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை. அவருக்குத் தெரியாது என்றில்லை. அவரும் அங்கேதான் நின்றார்.

அதுவரைக்கும் சங்கத்து விற்பனை என்றால் முறுக்கும் சிப்பிப் பலகாரமும்தான். தாய்மார் குசினியில் சுட்டுக் கொடுப்பார்கள், பொடியன்கள் விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் விற்பார்கள். அந்த வருடம் என் அக்கா ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்துக்கொண்டிருந்தா. ஒருநாள் லேஞ்சித் துணிக்குள் பொத்தி ஒரு விசுக்கோத்துக் கொண்டு வந்தா. தானே செய்ததாம். விசுக்கோத்து என்பது கடைத் தகரத்துக்குள்ளேயே பிறக்கிற பொருள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மேலே முள்ளுக்கரண்டியால் கோடு இழுத்திருந்தது. வாயில் வைத்தால் கடிக்கவே தேவையில்லை, தானாகக் கரைந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. வாசிகசாலைக்குள் போய்க் கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெட்டைகள் அங்கே போக ஏலாது. சங்கத்துக்கு விசுக்கோத்துச் செய்து தருகிறேன், விற்றுமுடிந்தால் பெண்பிள்ளைகளையும் சேருங்கள் என்று தலைவரிடம் கேட்டா. தலைவர் கேட்டதுக்கெல்லாம் கையெழுத்து வைக்கிற மனிதர், ஓம் என்றுவிட்டார். பெரியப்பாதான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார்.

“பெட்டைகள் கதிரையில குந்தியிருந்து பேப்பர் பாத்தா, உலையை ஆர் வைக்கிறது? பேப்பர்காரனோ?”

எங்கள் தகப்பன், ஐயா, அதைக் கேட்டுக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். ஐயாவைப்பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் தெற்கே சிங்கள ஊரொன்றில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். தமிழரை அடித்த கலவரத்தில் கடை போய், கப்பலில் ஏற்றி இறக்கப்பட்ட சனத்தோடு ஊர் வந்து சேர்ந்தபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். நான் அறிந்த ஐயாவுக்கு ஓம், இல்லை, மாட்டை அவிழ், இவ்வளவுதான் பேச்சு. ஒருவர் இவ்வளவுதான் பேசுவார் போலிருக்கிறது என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பேக்கரிக்காரர் ஒரு பகல் போறணையைத் தந்தார். ஊர்க் கோழிகள் இட்டதெல்லாம் அக்காவின் மாவுக்குள் போனது. தகரப் பெட்டிகள் நிரம்பி வீட்டுக்கு வந்தபோது, இவ்வளவையும் மைதானத்தில் விற்றுமுடிக்க ஏலாது என்று தலைவருக்குப் பட்டது. நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கிற சனம் கடலைவிடக் கூட. அங்கே மேசை போடுவோம் என்றார். எல்லோரும் கைதட்டினோம். சங்கத்தில் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பஸ்ஸில் கொண்டுபோனால் விசுக்கோத்து மாவாகிவிடும் என்று ஐயாவின் மாட்டு வண்டியில் ஏற்றினோம். எங்கள் மாட்டுக்கும் ஐயாவின் குணம்தான், அலட்டாமல் நடக்கும். தாம்போதி வீதியில் இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகடுபோலக் கிடந்தது. அக்கா ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தா.

துறையில் வெள்ளைத் துணி விரித்து மேசை போட்டோம். கூவுகிற வேலையைத் தலைவர் எனக்குத் தந்தார். என் தொண்டை அப்படி. இன்றைக்கும் நான் வீட்டுக்குள் கதைத்தால் அடுத்த வளவுக்காரர் பதில் சொல்லுவார்கள். சரக்கில் எது விலைகூடியதோ அதை முதலில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஒருவரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

“முட்டை போட்ட விசுக்கோத்து. முட்டை போட்ட விசுக்கோத்து.”

மேசைக்கு நீண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. கையில் பாற்செம்போடு நின்ற ஒரு அம்மா என்னைக் குனிந்து பார்த்தா.

“மோனை, உதுக்குள்ள முட்டையோ கிடக்கு?”

“ஓம் அம்மா, நிறைய.”

“சிவ சிவ. விரதகாரருக்கு நீட்டுற சாமானே இது?”

அவ பின்னால் நின்றவவிடம் சொன்னா, அவ தனக்குப் பின்னால் நின்றவரிடம் சொன்னா. வரிசை முழுக்க அந்தச் சொல் போய்த் திரும்பி வந்தது. அதுவரை மேசையை உரசிக்கொண்டு நின்ற சனம் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியது. எங்கள் வீடுகளிலும் திருவிழா நாளில் மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். ஆனால் விசுக்கோத்து என்ற பளபளப்பில் அதற்குள் இருந்த முட்டையை ஊரே மறந்துபோயிருந்தது.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். “ஆரடா உன்னை முட்டை எண்டு கத்தச் சொன்னது?”

“இருக்கிறதைத்தானே சொன்னனான்.”

இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். நான் கத்தியிராவிட்டால் அத்தனை பேரின் விரதமும் கெட்டிருக்கும், சங்கத்தின் பெயரைப் பிறகு எந்த ஓடு போட்டும் மூட முடிந்திருக்காது.

கோயிலுக்குப் போக வந்திருந்த பெரியப்பா அக்காவிடம் வந்தார். ஏசியிருந்தால் அக்கா தாங்கியிருப்பா. அவர் மெதுவாகச் சொன்னார். “நான் சொன்னனான் எல்லோ பிள்ளை. இனி உந்த வாசிகசாலைக் கதையை விடு.” அக்கா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே நின்றா. சுருக்கம் போன பிறகும் நீவினா.

அப்போதுதான் வெள்ளை உடுப்போடு ஒரு கூட்டம் பஸ்களில் வந்து இறங்கியது. நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்களச் சனம். ஒரு கிழவி மேசைக்கு வந்து ஒரு விசுக்கோத்தை மணந்து பார்த்து அக்காவிடம் ஏதோ கேட்டா. அக்கா விளங்காமல் தலையாட்டினா. இன்னொருவர் வந்து கேட்டார். தலைவர் இங்கிலீசில் ஏதோ சொன்னார். கிழவி சிரித்துவிட்டு விசுக்கோத்தைத் திருப்பி வைக்கப் போனா. ஐயா தெற்கே இருந்தவர் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அங்கே நின்ற வேறு ஒருவருக்கும் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐயா வண்டி நிழலில் மாட்டுக்குப் பக்கத்தில், அந்தச் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“அக்கா அழப்போறா,” என்றேன்.

“கொக்கா அழமாட்டாள்,” என்றார். சொல்லிவிட்டு எழும்பினார்.

மேசையடிக்கு வந்தார். கிழவி திரும்பவும் கேட்டா. ஐயா வாயைத் திறந்தார். முதல் சொல் நெடுநாள் இறைக்காத கிணற்றுத் துலாப்போலக் கரகரத்தது. இரண்டாவது அவ்வளவு கரகரக்கவில்லை. அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்காத அந்த மொழி ஐயாவின் வாயிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. அவருடைய கைகள் பழைய பேப்பரைப் பார்க்காமலே சுருட்டி, அடியை முறுக்கி, விசுக்கோத்தைப் போட்டு நீட்டின. கிழவி ஏதோ சொல்ல அவர் சிரித்தார். ஐயாவுக்கு அவ்வளவு பல் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு கூவத் தொடங்கினார். என்னுடைய தொண்டை எங்கேயிருந்து வந்தது என்றும் அன்றைக்குத்தான் கண்டேன்.

தலைவர் ஐயாவுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா வாய் பிளந்து நின்றார். ஒதுங்கிப்போன விரதகாரர்கூட வள்ளம் வந்து நிற்பதைக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மன் வீதி வலம் வருவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பாதகம் என்றாலும் சொல்லுகிறேன், அன்றைக்கு என் உடம்பு சிலிர்த்ததுபோல ஒருநாளும் சிலிர்த்ததில்லை.

பெட்டிகள் வெறுமையாகிக்கொண்டு வந்தபோது, குடை பிடித்த ஒரு வயதான மனிதர் ஐயாவிடம் ஏதோ கேட்டார். ஐயா தன் பழைய கடை இருந்த ஊரின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் குடையை மடக்கினார். இரண்டு பேரும் தலையை ஒன்றாக வைத்துக் கதைத்தார்கள். போகும்போது அவர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆயெத் எண்ட, ஆயெத் எண்ட” என்றார். ஐயா என்னையும் அக்காவையும் சுட்டிக் காட்டினார். சிரித்தார், ஆனால் பல் தெரியவில்லை.

வெறும் பெட்டிகளோடு திரும்பும்போது தாம்போதி நடுவில் ஐயா வண்டியை நிறுத்தினார். கீழே இறங்கி உப்புக் கடலில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கடல் தண்ணீரில் ஆராவது முகம் கழுவுவார்களா, கண் எரியுமே என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா கையால் என் வாயைப் பொத்தினா. கையில் பட்டர் மணந்தது.

வீட்டில் அக்கா சொன்னதைக் கேட்டு அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு, “அவரோ? அந்தப் பாசையிலயோ?” என்று கேட்டா. பிறகு நிலத்தில் இருந்துவிட்டா. ஐயா அந்த மொழியை அதற்கு முன்பு ஊரில் பேசியதில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அடுத்த வாரம் அக்கா வாசிகசாலைக் கதிரையில் இருந்து பேப்பர் விரித்தா. பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பல வருடம் கழித்து, கோப்பை கழுவப் போன கடையில் முதலாளி வாடிக்கையாளரை வழியனுப்பும்போது அதே சொல்லைக் கேட்டேன். ஆயெத் எண்ட என்றால் திரும்பவும் வாருங்கள் என்று அர்த்தம். அன்றைக்கு ஐயா கூவியது என்ன என்பதும் விளங்கியது. பித்தர என்று திரும்பத் திரும்பச் சொன்னார், பித்தர என்றால் முட்டை. நான் கூவியதைத்தான் அவரும் கூவியிருக்கிறார். குடைக்காரர் திரும்பி வரச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம், அதற்கு எங்களைச் சுட்டிக் காட்டியதைத் தவிர ஐயாவிடம் என்ன பதில் இருந்தது என்பது, என்னுடைய கடையும் கலவரத்தில் எரிந்த பிறகுதான் விளங்கியது. வண்டியில் வந்த பொடியனுக்குக் கடல் தண்ணீரில் கண் எரியும் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.

இப்போது பெண்பிள்ளைகள்தான் விற்பனையை நடத்துகிறார்கள். குறிகட்டுவானில் சைவத்துக்கு ஒரு மேசை, முட்டைக்கு ஒரு மேசை. அந்த ஏற்பாடும் என் தொண்டையிலிருந்து வந்ததுதான்.

மலர்க் குழுவுக்குச் சொல்லுகிறேன். தலைவர் எழுதியதை வெட்ட வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரி போடுங்கள். முட்டை என்று கூவியவன் நான், வண்டியடிக்கு ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். ஐயாவைப் புகழ்ந்து எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர் அதை விரும்பவும் மாட்டார். ஆனால் என் பெயரைப் போட்டால், இவன் ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தான், அந்த மனிதர் ஏன் அவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார் என்று வாசிக்கிற பிள்ளை ஒன்றாவது கேட்கும். அதற்காகவாவது என் பெயரைப் போடுங்கள்.